கூட்டி வகுத்தால் ஐந்தரை

ஸ்டான்லி ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்தான். சோபாவில் உட்கார்ந்தான். கண்ணாடி மூடியைக்கூட ஏற்றவில்லை.

"கதவ சாத்து சகல."

சாத்தினேன்.

"ஃபேன் போடு."

போட்டேன்.

"சிரிக்க மாட்டேன்னு சொல்லு."

நான் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

ஹெல்மெட் வெளியே வந்தது. உள்ளே வெந்த இறால் நிறத்தில் ஒரு முகம் இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் தோல் உரிந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு நிற்பது போல நின்றது. நெற்றி மட்டும் வழக்கமான ஸ்டான்லி.

இவன் சிறுசேரியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறான். மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறான். வரும் திங்கட்கிழமை செங்கல்பட்டில் ஷாரோனைக் கட்டப் போகிறவன். ஷாரோன் என் மனைவி ஜெசிந்தாவின் தங்கை. ஜெசிந்தா இறந்ததால் இந்தக் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. தாலி இன்னும் ஏறவில்லை என்றாலும் ஸ்டான்லி நிச்சயத்தன்றே என்னைச் சகலை ஆக்கிக்கொண்டான். நானும் மறுக்கவில்லை.

ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு அவன் வந்ததற்குக் காரணம் உறவு மட்டும் இல்லை. நான் வேதியியல் எம்.எஸ்சி. ஒரு ஷாம்பு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன்.

"என்ன போட்ட?" என்றேன்.

"எல்லாம் சயின்ஸ்தான் சகல. தோலுக்கு பி.எச். எவ்ளோ? அஞ்சரை. வீடியோல சொன்னாங்க."

"சரி."

"ஆப்ப சோடா ஒம்பது. எலுமிச்சம்பழம் ரெண்டு."

"ஏறக்குறைய."

"காலைல சோடா. ராத்திரி எலுமிச்ச. ஒம்பதும் ரெண்டும் பதினொண்ணு. ரெண்டால வகு."

வகுத்தேன். ஐந்தரை வந்தது.

"பாத்தியா! கணக்கு கரெக்டு. மூஞ்சிதான் தப்பா கீது."

நான் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தேன். பிறகு விளக்கினேன். தோலின் மேல் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கலந்து மெல்லிய அமிலப் படலம் ஒன்று இருக்கும். கிருமியை வெளியே நிறுத்துவதும் ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதும் அதுதான். சோடா அதைக் குலைத்தது. அது தேறி எழுவதற்குள் எலுமிச்சை வந்து சுட்டது. பி.எச். எண்கள் கூட்டி வகுப்பதற்கானவை அல்ல. ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறும். ஐந்தரையிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் மூவாயிரம் மடங்கு.

அவன் புரியாத முகத்தோடு பார்த்தான். அந்த முகத்தில் இப்போது அது மட்டும்தான் சரியாகத் தெரிந்தது.

"காலைல ஒருத்தன் உன்ன இந்தக் கன்னத்துல அறையறான். ராத்திரி இன்னொருத்தன் அந்தக் கன்னத்துல அறையறான். கூட்டி வகுத்தா அறையே விழலன்னு ஆயிடுமா?"

"ஓ," என்றான் ஸ்டான்லி. "டபுள் அறை."

வீட்டில் பி.எச். காகிதம் இருந்தது. கன்னத்தில் ஒரு சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விட்டு, துண்டை ஒட்டி எடுத்தேன். நிறம் பச்சைக்குப் போனது.

"எவ்ளோ சகல?"

"ஏழு."

"ஏழா! பத்துக்கு ஏழு பரவால்லயே!"

"இது பரீட்சை இல்ல ஸ்டான்லி."

"சரி, இப்ப இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத."

"அது எப்பிடி பண்றது?"

சொன்னேன். சோப்பு வேண்டாம். தண்ணீர் மட்டும். துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். மேலே வாசலின். வெயில் ஆகாது. பவுடர், கிரீம், மஞ்சள், சந்தனம், அம்மா, பெரியம்மா யாரும் கிட்ட வரக்கூடாது. தோல் தன் அமிலத்தைத் தானே ஊறவைத்துக்கொள்ளும். கொப்புளம் வந்தால் தோல் மருத்துவர்.

குளியலறை அலமாரியிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவன் திறந்தான். உள்ளே ஒரு விரல் அள்ளின குழி இருந்தது. மூடிவிட்டான்.

"சகல, இது ஜெசிந்தா..."

"தேதி முடியல. போடு."

போட்டான். முகம் பளபளத்தது.

"ஷாரோனுக்குத் தெரியவே கூடாது," என்றான். "நீ சத்தியம் பண்ணு. நாளன்னிக்கி மாமல்லபுரத்துல போட்டோ ஷூட் வேற. மண்டபத்து வாசல் பேனருக்கு. கேன்சல்னு அவளுக்கு மெசேஜ் தட்டிட்டேன்."

"காரணம்?"

"காரணம்லாம் சொல்லல. வீடியோ கால் வந்தா எடுக்கறதும் இல்ல."

"இந்தக் கணக்க அவகிட்டயும் சொன்னியா?"

"சொன்னேன். மூஞ்சி சும்மா பளபளன்னு ஆயிடுச்சி, ஆபீஸ்ல எல்லாரும் இன்னா போடறன்னு கேக்கறாங்கன்னு கொஞ்சம் அடிச்சி வுட்டேன். ஆனா அவ என்னிக்கு நான் சொல்லிக் கேட்டா?"

சத்தியம் செய்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மோசஸ் கூப்பிட்டார். என் மாமனார். ரயில்வேயில் இருந்தவர். ரயில் ஓசைக்கு மேல் பேசிப் பழகிய குரல். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் கேட்டது.

"மாப்ள! பையன் ஷூட்டு வேணாங்கறான்! போனு எடுக்க மாட்றான்! இவ ரூமுக்குள்ள பூந்துகினு தாப்பா போட்டுகினா! உடனே வா!"

அன்று, வெள்ளிக்கிழமை, மதியமே செங்கல்பட்டில் இறங்கினேன். வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். கூடத்தில் அத்தை ஒரு தட்டில் உருளைக்கிழங்கு வட்டங்களும், இன்னொன்றில் தயிரும் கடலை மாவும், மூன்றாவதில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றும் வைத்துக்கொண்டு மூடிய கதவின் முன்னால் நின்றார். பெண்ணுக்குப் பூச.

"கதவத் தொற மாட்றாளே மாப்ள. நீ சொன்னா கேப்பா."

கதவைத் தட்டினேன். "நான்தான்."

தாழ்ப்பாள் விலகியது. கை மட்டும் வெளியே வந்து என்னை உள்ளே இழுத்தது. தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

ஸ்கூட்டியில் போகிற பெண்கள் கட்டுவது போல ஷாரோன் துப்பட்டாவைத் தலையிலிருந்து கழுத்துவரை சுற்றியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. கண் கலங்கி இருந்தது.

"சிரிக்கக் கூடாது மாமா."

"சரி."

அவிழ்த்தாள்.

அதே இறால். கூடுதலாகக் கன்னத்தில் இரண்டு பழுப்புக் கோடுகள். எலுமிச்சைச் சாறு வழிந்த இடத்தில் வெயில் பட்டால் வருபவை.

"காலைல எலுமிச்சயா?" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"வெயில்ல போயிருக்க."

"ஸ்கூலுக்கு வண்டிலதான போறேன்." துப்பட்டாவை முறுக்கினாள். "அவருதான் மாமா சொன்னாரு. சோடா ஒம்பது, எலுமிச்ச ரெண்டு. நான் கணக்கு டீச்சர். சும்மா போடுவேனா? செக் பண்ணித்தான் போட்டேன். அஞ்சரை கரெக்டா வந்திச்சி."

"அவன் காலைல சோடா சொன்னான்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். சத்தியம். நல்லவேளை, அவள் கவனிக்கவில்லை.

"எனக்குக் காலைல எலுமிச்சதான் ஈசி. ராத்திரி சோடா. கூட்டல்ல இடம் மாத்திப் போட்டா விடை மாறுமா?"

"கூட்டல்ல மாறாது."

"அவருக்கு மட்டும் பளபளன்னு ஆயிடுச்சாம். ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்களாம். எருமத் தோலு அது. என்னது இப்பிடி ஆயிடுச்சி. ஷூட்ட நானே எப்பிடி நிறுத்தறதுன்னு யோசிச்சிகினு கீறேன், அவரு முந்திகினு கேன்சல்ங்கறாரு. காரணமும் சொல்லல. போனும் எடுக்கல." மூக்கை உறிஞ்சினாள். அதுவும் எரிந்தது போல, முகத்தைச் சுளித்தாள். சுளித்ததும் எரிந்தது. "அவருக்கு இஷ்டமில்ல மாமா. ஒரு வருஷம் காத்துகினு இருந்ததுல மனசு மாறிட்டாரு."

அப்படி இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வாயைத் திறந்தேன்.

"இத அவருகிட்ட சொல்லவே கூடாது," என்றாள். "சத்தியம் பண்ணு."

"சத்தியமே பண்ணக் கூடாதுன்னு பைபிள்ல இருக்கு."

"பரவால்ல, பண்ணு."

இரண்டாவது சத்தியத்தையும் செய்தேன். ஸ்டான்லிக்குச் சொன்னதை இவளுக்கும் சொன்னேன். தண்ணீர், வாசலின், நிழல், வேறு ஒன்றுமே வேண்டாம்.

"ஒண்ணுமேன்னா? வெளிய அம்மா தட்டு வெச்சிகினு நிக்குதே?"

"அதுக்குத்தான் தாப்பா."

வெளியே வந்தேன். மோசஸ் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள பையன் என் கண்ணு முன்னால வந்து நிக்கணும். வரலன்னா ஃபாதரப் பாத்து கல்யாணமே வேணான்னுடுவேன். மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாண ஓலை படிச்சாச்சி, மண்டபத்துக்கு அட்வான்ஸு, பிரியாணிக்கு சொல்லியாச்சி, ஊரு பூரா பத்திரிக..." நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

ஜெசிந்தா போன பிறகு உறவில் பலர் இதே பார்வை பார்த்தார்கள். அக்கா போனால் தங்கையைக் கட்டி வைப்பது எங்கள் பக்கம் உள்ள வழக்கம். குடும்பம் கலையாது என்பார்கள். நானும் ஷாரோனும் ஒரே குரலில் இல்லை என்ற பிறகுதான் அடங்கினார்கள். அவள் எனக்குப் பள்ளிச் சீருடையில் அறிமுகமானவள். அவளுக்கு நான் அக்கா புருஷன்.

"மாப்ள," என்றார் மோசஸ், குரலை இறக்கி. அவர் குரல் இறங்கினால் சாதாரண மனிதர் பேசும் அளவு. "உன்னாண்ட வெள்ள சட்ட கீதா?"

"நைனா!" மூடிய கதவுக்குள்ளிருந்து ஷாரோன் கத்தினாள். "நான் மாமாவக் கட்டிக்க மாட்டேன்!"

"நானும்," என்றேன்.

"இவ்ளோ வேகமா சொல்லணுமா மாமா?" என்றது கதவு.

அத்தை தட்டுகளோடு உட்கார்ந்துவிட்டார்.

ஆக, நிலைமை இதுதான். ஸ்டான்லி நாளை வராவிட்டால் கல்யாணம் நிற்கும். நின்றால் ஷாரோனின் மனம் உடையும். ஊர் என்னை வெள்ளைச் சட்டையோடு தேடும். ஒரே வாக்கியத்தில் தீர்க்கக்கூடிய விஷயம். அந்த வாக்கியத்தை இரண்டு பக்கமும் சத்தியம் வாங்கிப் பூட்டியிருந்தார்கள்.

ஆனால் பார்க்க வைக்கக் கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

ஸ்டான்லிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு சாயங்காலம் மாமல்லபுரம் வா. ஷூட் இருக்கு."

"சகல! மூஞ்சி?"

"ஹெல்மெட்டோட வா. வரலன்னா கல்யாணம் இல்ல."

ஷாரோனிடம் கதவிடுக்கில் சொன்னேன். "துப்பட்டாவோட வா. உனக்கு என்ன கேக்கணுமோ நேராக் கேட்டுடு."

ஷூட் ரத்தானதே தெரியாத போட்டோகிராபர் கலையரசனிடம் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு, கடற்கரைக் கோயில் கூட்டத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் கலையரசன் காத்திருந்தான். கழுத்தில் இரண்டு கேமரா. முட்டுக்காட்டில் படகுத்துறையில் ஒரு ஜோடியை முடித்துவிட்டு நேராக வந்திருந்தான். நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

முதலில் காரிலிருந்து ஷாரோன் இறங்கினாள். ரோஜா நிறப் புடவை. தலை முழுக்கப் பச்சைத் துப்பட்டா. பின்னால் மோசஸ். அவரை மாங்காய் விற்கும் வண்டியருகே உட்கார வைத்தேன். பிறகு ஸ்டான்லி வந்தான். கோட்டு, டை, ஹெல்மெட்.

கலையரசன் இருவரையும் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இதான் தீமா அண்ணா?"

"ஆமா."

"புதுசா கீது." தாடையைச் சொறிந்தான். "அண்ணாத்த, கண்ணோட கண்ணு பாருங்க. அக்கா, நீங்களும். அண்ணாத்த, அந்தக் கண்ணாடி மூடியாவது தொறங்களேன்."

ஸ்டான்லி இரண்டு விரல் அகலம் திறந்தான்.

"லைட்டா சிரிங்க. சிரிக்கிறீங்களா? எனக்குத் தெரியலியே."

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. காலேஜ் பையன்கள் இருவர் படம் எடுத்தார்கள். பந்து விற்கிறவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னாபா, பேங்க்கு கொள்ளயா?" என்று கேட்டார்.

"பஞ்சாயத்து," என்றேன்.

"இவருதான் அவருன்னு எப்பிடி நம்பறது?" என்றாள் ஷாரோன், துப்பட்டாவுக்குள்ளிருந்து. "ஆள மாத்தி அனுப்பியிருந்தா?"

"நான்தான் ஷாரோன்," என்றது ஹெல்மெட், பானைக்குள்ளிருந்து பேசுவது போல.

"அப்ப கழட்டு."

"நீ கழட்டு."

"நான் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லு." அவள் ஓரடி முன்னால் வந்தாள். குரல் மாறிவிட்டது. "கண்ணால பாக்கக்கூடப் புடிக்கலன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் அழ மாட்டேன். நாளைக்கி நானே ஃபாதர்கிட்டப் போயி நிறுத்திடறேன். உன் பேரு வராது."

கலையரசன் கேமராவை இறக்கினான். மாங்காய் வண்டியருகே மோசஸ் எழுந்து நின்றார்.

ஹெல்மெட்டின் கண்ணாடி மூச்சால் மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. அவன் என் பக்கம் திரும்பினான். நான் கடலைப் பார்த்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

"சகல, எரியுது," என்றான். பிறகு அவளிடம், "நான் சொன்னது பொய் ஷாரோன். பளபளன்னுலாம் ஆவல. ஆபீஸ்ல யாரும் கேக்கல. கேட்டாங்க, ஆனா வேற மாதிரி கேட்டாங்க. உன்ன இந்த மூஞ்சோட எப்பிடிப் பாக்கறதுன்னுதான்..."

கழற்றினான்.

வாசலினும் வியர்வையும் வழிய, உரிந்த தோல் காற்றில் படபடக்க, ஸ்டான்லி நின்றான். பந்து விற்கிறவர், "ஐயோ பாவம்," என்றார்.

ஷாரோனின் கை மெதுவாக மேலே போனது. துப்பட்டா ஒரு சுற்று அவிழ்ந்தது. இன்னொரு சுற்று. காற்று மீதியை அவிழ்த்துவிட்டது.

ஸ்டான்லியின் வாய் திறந்தது.

"நீ..." என்றான். "நீ... நான் சொன்னதக் கேட்டியா?"

"கேட்டேன்."

"நான் சொன்னதயா! நீயா!" குதித்தான். மணலில் கோட்டோடு குதித்தான். "சகல! இவ நான் சொன்னதக் கேட்டிருக்கா!"

"அதான் தப்பு!" என்று கத்தினாள் ஷாரோன். கத்திக்கொண்டே சிரித்துவிட்டாள். "ஆ! எரியுது, சிரிக்க வைக்காத!"

"நீ சிரிக்காத, நீ சிரிச்சா எனக்கு சிரிப்பு வருது. ஆ! ஆ!"

"வாய மூடு! ஐயோ, மூக்கு!"

இருவரும் ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உப்புக்காற்றில் சிரித்து, எரிந்து, எரிவதற்குச் சிரித்து, மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். கலையரசன் மட்டும் விழித்துக்கொண்டான். கேமரா சடசடவென்று அடித்தது. "அப்பிடியே! அப்பிடியே அண்ணாத்த! இதான் கேண்டிட்!"

மோசஸ் மணலில் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் மாங்காய்ப் பத்தை.

"இன்னா மாப்ள இது? ரெண்டுத்தையும் எவன்டா வறுத்தது?"

சத்தியங்கள் இரண்டும் காலாவதியாகிவிட்டன. சொன்னேன். சோடா ஒன்பது. எலுமிச்சை இரண்டு. கூட்டி வகுத்தார்கள்.

மோசஸ் நெற்றியைச் சுருக்கினார். மாங்காய் இல்லாத கையில் விரல் விட்டு எண்ணினார்.

"ஒம்பதும் ரெண்டும் பதினொண்ணு. அதுல பாதி..." என்னை நிமிர்ந்து பார்த்தார். "கணக்கு சரியாத்தான மாப்ள கீது?"

ஏதோ ஒரு சத்தம் கேட்டது. நாய் குரைப்பு மாதிரி. ஷாரோன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அது என்னிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. மோசஸ் இன்னும் விரலை மடக்கிக்கொண்டே இருந்தார். நானும் மணலில் உட்கார வேண்டியதாயிற்று.

"மாமா, நீயுமா? உனக்குமா எரியுது?" என்றாள் ஷாரோன்.

எனக்குத் தோலில் ஒன்றுமில்லை. இருந்தும் கன்னம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் வேலை வாசல் காப்பது. ஒன்றும் செய்யாமல் இருக்க வைப்பது ஒரு கல்யாண வீட்டில் முழுநேர உத்தியோகம். மஞ்சளோடு ஒருவர் வந்தார். சந்தனத்தோடு இருவர். கற்றாழை மடலோடு ஒரு சித்தி, பின்கட்டு வழியாக. அழகு நிலையத்துப் பெண் பெரிய பெட்டியோடு வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நான் இன்னா பண்ணிட முடியும்?" என்று தலைமுடியை மட்டும் பின்னிவிட்டுப் போனாள். அத்தை, "தண்ணி மட்டும்தானா? தண்ணில இன்னா கீது மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் ஏழு என்று சொன்னேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது.

இரவு ஸ்டான்லி தன் கன்னத்தைப் படமெடுத்து அனுப்பினான். "இப்ப எவ்ளோ இருக்கும் சகல?" படத்தில் பி.எச். தெரியாது என்று பதில் போட்டேன்.

திங்கட்கிழமை காலை எரிச்சல் போயிருந்தது. உரிந்த தோலும் பெரும்பாலும் போயிருந்தது. சிவப்பு மட்டும் போகவில்லை. பவுடர்கூட இல்லாமல் வெறும் முகமாக, கழுவிய தக்காளிகள் போல, இருவரும் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். ஃபாதர் சம்மதம் கேட்டார். ஷாரோன் அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். இருவருக்கும் உதடு துடிக்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கிக் குனிந்துகொண்டார்கள். காது வரை சிவப்பு ஏறியது.

நான் அத்தைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பின் வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"பொண்ணுக்கு இன்னா வெக்கம் பாரேன். மூஞ்சி செவந்து கீது."

"பொண்ணு சரி. மாப்ள இன்னாத்துக்கு அதுக்கு மேல வெக்கப்படறாரு?"

அத்தை திரும்பினார்.

"நல்லா வளத்த புள்ள," என்றார். "அப்பிடித்தான் இருக்கும்."